டாப் ஆங்கிள் ஷாட்டில் கேமராவின் பிம்பம் ஒருவழியாக ஒழிந்தது

போன் ரிவ்யூவுக்கு டாப் ஆங்கிள் ஷாட் எடுப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். கறுப்புக் கண்ணாடி முதுகுள்ள போனை மேசையில் கவிழ்த்து வைத்து நேர் மேலிருந்து எடுத்தால், போனைவிடக் கேமராதான் பளிச்சென்று தெரியும். லென்ஸ், அதைத் தாங்கும் கம்பி, அதற்குப் பின்னால் வெள்ளை சீலிங், எல்லாமே கண்ணாடிக்குள் இருக்கும். இந்த வாரம் அந்தப் பிம்பம் சுத்தமாகப் போய்விட்டது. அந்த சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் லைட்டைத்தான் நகர்த்துவோம். இரண்டு எல்இடி பேனலையும் பக்கவாட்டில் தாழ்வாக இறக்கினால், கண்ணாடியில் விழும் வெள்ளைக் கட்டம் விலகிவிடும். ஆனால் அது பாதிக் கிணறுதான். நேர் கீழே பார்க்கும் கேமராவுக்கு அந்தக் கண்ணாடி காட்டுவது நேர் மேலே இருப்பதை. லைட்டை எங்கே வைத்தாலும் அது மாறாது.

லென்ஸ் முன்னால் மாட்டிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசரைப் போடு என்று சொல்பவர்கள் நிறைய. டாப் ஆங்கிளுக்கு அது உதவவே உதவாது. கண்ணாடியில் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரி சாய்வில் பட்டுத் தெறிக்கும் ஒளிதான் முழுக்க ஒரே தளத்தில் அதிரும் ஒளியாக மாறுகிறது. அதைத்தான் ஃபில்டரால் மறிக்க முடியும். செங்குத்தாகப் பட்டு நேராகத் திரும்பி வரும் ஒளியில் அந்த மாற்றமே நடப்பதில்லை. ஃபில்டரை எந்தப் பக்கம் சுற்றினாலும் பிம்பம் அப்படியே இருக்கும், ஒரு ஸ்டாப்புக்கு மேல், அதாவது பாதிக்கு மேல், வெளிச்சம் போவதுதான் மிச்சம். திரையை ஆன் செய்து காட்டும்போது இன்னும் மோசம். எல்சிடி திரையிலிருந்து வருவதே ஒரே தளத்தில் அதிரும் ஒளி என்பதால், ஃபில்டரின் ஏதோ ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். சாய்வாக எடுக்கும் ஷாட்டுக்குத்தான் போலரைசர்.

வேலை செய்தது ஒரு கறுப்பு அட்டை. லென்ஸ் மட்டத்தில் படுக்கையாக, நடுவில் லென்ஸ் நுழையும் அளவு ஓட்டையோடு. எவ்வளவு பெரிய அட்டை என்பதுதான் விஷயம். மேசைக்குக் கீழே அதே ஆழத்தில் இன்னொரு கேமரா இருந்து, போனை ஜன்னலாக வைத்து மேலே பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் மட்டத்துக்கு வரும்போது அந்தப் பார்வை போனைப் போல இரண்டு மடங்கு அகலமாகியிருக்கும். கேமராவை ஏற்றினாலும் இறக்கினாலும் இரண்டு மடங்குதான். 16 செ.மீ. நீளப் போனுக்கு 32 செ.மீ. அட்டை போதும், 25 செ.மீ. டேப்லெட்டுக்கு 50 செ.மீ. வேண்டும். போனை நடுவிலிருந்து 5 செ.மீ. தள்ளி வைத்தால் பிம்பம் 10 செ.மீ. நகரும், அதற்கும் சேர்த்து வெட்ட வேண்டும். நான் அறுபதுக்கு அறுபதாக வெட்டிவிட்டேன்.

சாதாரண கறுப்பு சார்ட் சரிவராது. அதில் ஒரு மினுமினுப்பு உண்டு, பேனல் வெளிச்சம் பட்டதும் சாம்பல் நிறமாகிவிடும். அட்டைமேல் வெல்வெட் ஒட்ட வேண்டும். ஸ்டுடியோ சாமான் விற்கிற இடங்களில் பின்னணிக்கென்றே தரும் கறுப்புத் துணியைவிட, துணிக்கடையில் தைக்கக் கிடைக்கும் வெல்வெட் வெளிச்சத்தை நன்றாக விழுங்குகிறது. அட்டை ஏறியதும் தாங்கும் கம்பி தொங்க ஆரம்பிக்கும், எதிர்முனையில் மணல் பை கட்டாயம். இந்தக் கம்பிகளுக்கு இவ்வளவு எடை தாங்கும் என்று போட்டு விற்கிறார்களே, முழுதாக நீட்டிய நிலையிலா மடக்கிய நிலையிலா என்று பலரும் எழுதுவதில்லை. வாங்குபவர்களுக்கு வேண்டியதே அந்த ஒரு தகவல்தான்.

அட்டை வந்த பிறகும் கண்ணாடி நடுவில் ஒரு மெல்லிய வளையம் மிச்சமிருந்தது. ஜூம் செய்து பார்த்தால் லென்ஸின் முகப்பைச் சுற்றி அச்சடித்த வெள்ளை எழுத்துகள், இடவலம் மாறி! அந்த வளையத்தின்மேல் கறுப்பு டேப்பைச் சுற்றியதும் அதுவும் போனது.

இப்போது கண்ணாடி அட்டைக் கறுப்பு. கறுப்பு மேசையில் போன் எங்கே முடிகிறது என்றே தெரியாது, அதனால் விளிம்புக்கு ஒரு கோடு வேண்டும். விரல் அகலத்தில் வெள்ளை அட்டைத் துண்டு ஒன்றை, ஃப்ரேமுக்கு வெளியே இடப்பக்கம், மேசையோடு தாழ்வாகச் சாய்த்து நிறுத்தினேன். போனின் வளைந்த ஓரம் அதைப் பிடித்துக்கொண்டு ஒரே சீரான வெள்ளைக் கோடாகக் காட்டுகிறது. அந்தக் கோட்டைப் பார்க்கும்போது நிஜமாகவே பெருமையாக இருக்கிறது.

ஷட்டர் பற்றி ஒரு வரி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அறை லைட்டின் துடிப்பு (ஃப்ளிக்கர்) வீடியோவில் தெரியாமலிருக்க ஷட்டரை 1/50 நொடியில் வை என்பார்கள், அது சரிதான், ஆனால் போன் திரைகள் பெரும்பாலும் 60 அல்லது 120 ஹெர்ட்ஸ். அறை லைட்டை அணைத்துவிட்டு, ஃப்ளிக்கர் இல்லாத பேனலை மட்டும் வைத்துக்கொண்டால் 1/60 தாராளமாக வைக்கலாம், திரையில் பட்டை ஓடாது.

இன்னும் முடியாதது, போனைக் கையில் எடுத்துத் திருப்பிக் காட்டும் ஷாட். 10 டிகிரி சாய்த்தாலே பிம்பம் 20 டிகிரி விலகிவிடுகிறது. அட்டையைத் தாண்டிக் கண்ணாடி சீலிங்கைப் பார்க்கிறது, இன்னும் சாய்த்தால் சுவரை. சுவரில் கறுப்புத் துணி தொங்கவிடலாம்தான், ஆனால் முகத்தை எடுக்கும் கேமராவுக்கு அதே சுவர்தான் பின்னணி. திரைச்சீலைக் கம்பி போட்டு, வேண்டும்போது இழுத்துக்கொள்ளும்படி செய்யலாமென்று அளவெடுத்து வைத்திருக்கிறேன். கனத்த துணியாகப் பார்த்து வாங்கினால் அறையின் எதிரொலியும் கொஞ்சம் அடங்கும், மைக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.