இன்டேக்கில் பெட்ரோல் வாடையா, ஈரமா?

இன்ஜினுக்குக் காற்று போகும் வழிதான் இன்டேக். அதில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியின் ஹோஸைக் கழற்றியதும் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் பலரும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத்தான் மாற்றச் சொல்வார்கள். பொறுங்கள், அது கடைசி.

உள்ளே படிந்த ஈரத்தை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். சட்டென்று உலர்ந்தால் பெட்ரோல். பழுப்புப் பிசுக்கு நின்றால் பிசிவி (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் வால்வு) வழியே வந்த ஆயில். கொஞ்சம் இருப்பது சகஜம். பால் காபி நிறத்தில் குழைந்திருந்தால் தண்ணீர். தினமும் 2, 3 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் இன்ஜின் சூடேறாமல் நீராவி தங்கிவிடும். கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகிக்க வேண்டும்.

பெட்ரோல் என்றால் முதலில் பர்ஜ் வால்வைப் பாருங்கள். டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவான கேனிஸ்டரிலிருந்து அதை இன்டேக்குக்கு விடுவது இந்த வால்வுதான். இன்ஜினை அணைத்து, வால்வைக் கழற்றி, கனெக்டர் மாட்டாமல் ஊதுங்கள் (உறிஞ்சிவிடாதீர்கள்!). காற்று புகுந்தால், மூடியிருக்க வேண்டிய வால்வு திறந்தே நிற்கிறது. பங்கில் நாஸில் கட் ஆன பிறகும் டேங்கைத் ததும்ப நிரப்பினால் கேனிஸ்டரே நனைந்துவிடும்.

பழைய வண்டிகளில் பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸை உருவுங்கள். உள்ளே ஒரு சொட்டு பெட்ரோல் இருந்தாலும் ரெகுலேட்டருக்குள் உள்ள டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்துவிட்டது.

டிப்ஸ்டிக்கையும் முகருங்கள். ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டிப் பெட்ரோல் வாடை அடித்தால், கசிவைச் சரிசெய்து ஆயிலை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.