நனைந்த விரிப்பு

சிறுநீர்க் குழாயை எடுத்த மறுநாள் காலை அவருடைய படுக்கை விரிப்பு நனைந்திருந்தது. அறுபதைத் தாண்டிய சுமைதூக்கும் தொழிலாளி. போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “ஒன்றுமில்லை சிஸ்டர், நானே பார்த்துக்கொள்கிறேன்” என்றார். குரலில் அவ்வளவு கூச்சம். சிறுநீர் என்று அவர் நினைத்தார். நானும் அப்படியே நினைத்தேன். விரிப்பை மாற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். தொடையிடுக்கில் அறுவைக் காயத்தின் மேல் இருந்த கட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பதினோரு ஆண்டுகள் ரத்தநாள வார்டில் வேலை பார்த்தவள் செய்யக் கூடாத தவறு அது.

பீடியால் அடைபட்ட காலின் தமனிக்கு மாற்றுவழியாக, தொடையிடுக்கிலிருந்து முழங்கால் வரை செயற்கைக் குழாய் வைத்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

மறுநாளும் ஈரம். வாடையே இல்லை. அப்போதுதான் உறைத்தது. கட்டைப் பிரித்தேன். தையலின் கீழ்முனையில் வெளிறிய மஞ்சளில் தெளிந்த நீர் கசிந்துகொண்டிருந்தது. துடைத்தேன், மீண்டும் துளிர்த்தது. நிணநீர்: உடலின் திசுக்களிலிருந்து வடிந்து, தனி நாளங்கள் வழியே ரத்தத்துக்குத் திரும்பும் நீர்.

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பார்களே, அந்த நெறிகளும் அவற்றுக்கு வரும் நூலிழை போன்ற நாளங்களும் தமனியை ஒட்டியே படர்ந்து கிடக்கின்றன. தமனியைத் தேடிப் போகும் கத்தி அவற்றைக் கடந்துதான் போக வேண்டும். அறுபட்ட ரத்தநாளம் சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். நிணநீர் நாளம் அறுபடுவது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. ரத்தத்தைப் போல அது சட்டென்று உறைந்து அடைத்துக்கொள்வதுமில்லை. கசிவைவிட நாங்கள் அஞ்சுவது தொற்றை. அந்த ஈரத்தின் வழியே கிருமி இறங்கிச் செயற்கைக் குழாயைப் பிடித்துவிட்டால், இணைப்புத் தையல் விட்டு ரத்தம் பீறிடலாம்; காலையே எடுக்க நேரலாம்.

“தண்ணீர்தானே சிஸ்டர், சீழ் இல்லையே” என்றார் அவர் மனைவி. புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. அவரிடம் மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டேன், அது சிறுநீர் அல்ல என்று. சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு நாளாக அந்த வெட்கத்தை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

காலை உயர்த்தி வைத்து, நடமாட்டத்தைக் குறைத்து, காயத்தின் மேல் பை ஒட்டி, சேரும் நீரை வேளைதோறும் அளந்தோம். பத்து நாளாகியும் குறையவில்லை. மறுபடி தியேட்டர். கால் விரல் இடுக்குகளில் நீலச் சாயத்தை ஊசியால் ஏற்றி, தொடையிடுக்கில் நீலம் ஊறிய இடத்தைப் பிடித்துக் கட்டினார்கள். தொடைத் தசை ஒன்றைத் திருப்பிக் குழாயின் மேல் போர்த்தித் தைத்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை கட்டு மாற்றப் போனபோது, நான் கேட்பதற்கு முன்பே அவர் போர்வையை விலக்கினார். கட்டுத்துணி காய்ந்திருந்தது.