கடிகாரக் காட்சி

ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்த அனுபவத்தை யாராவது கேட்டால், நான் தொப்பியைப் பற்றியும் புகைக்குழாயைப் பற்றியும் பேசித் தப்பித்துக்கொள்வது வழக்கம். காதுமடல் வைத்த அந்தத் தொப்பி சிட்னி பாஜெட் வரைந்த படங்களிலிருந்து வந்தது, வளைந்த குழாயை 1899 முதல் மேடையில் ஹோம்ஸாக நடித்த வில்லியம் ஜில்லெட்டோடு சேர்த்துச் சொல்வார்கள், எங்கள் நாடகத்தில் இரண்டையும் வேண்டாமென்று ஒதுக்கினோம் என்று நீட்டிச் சொல்ல நிறையவே இருக்கிறது. என்னை உறுத்துவது என்னவோ கடிகாரக் காட்சிதான்.

1890இல் வெளியான இரண்டாவது ஹோம்ஸ் நாவலின் தொடக்கத்தில் வருவது அது. பழைய கடிகாரமொன்றைக் கொடுத்து, இதை வைத்திருந்தவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஹோம்ஸின் நண்பர் வாட்சன் சோதிக்கிறார். மூடியின் உட்புறத்தில் அடகுக்காரர்கள் ஊசிமுனையால் கீறிய நான்கு எண்கள், சாவித்துளையைச் சுற்றி நடுங்கும் கை இழுத்துவிட்ட எண்ணற்ற கீறல்கள். இவற்றைக் கொண்டு வாட்சனின் அண்ணன் நொடித்துப்போய், குடித்து, இறந்துபோனதை ஹோம்ஸ் மளமளவென்று சொல்லிவிடுகிறார். வாட்சன் எழுந்து நொண்டியபடி அறைக்குள் நடக்கிறார். வெறும் கணக்காகப் பார்த்துவிட்டேன், உங்களுக்கு வலிக்கும் என்பதை மறந்துவிட்டேன் என்று ஹோம்ஸ் மன்னிப்புக் கேட்கிறார்.

அந்த மன்னிப்பை ஒத்திகையில் நான் வேகமாகச் சொல்லிக் கடந்துகொண்டிருந்தேன். ஹோம்ஸுக்கு அது ஒரு மரியாதைச் சொல், அவ்வளவுதான் என்பது என் கட்சி.

ஒவ்வொரு நாளும் ஒத்திகை தொடங்குமுன் குழுவில் ஒருவரைப் பார்த்து நான் ஊகித்துச் சொல்லவேண்டும் என்பது இயக்குநர் வைத்த பயிற்சி. மூன்று வாரம் அது சிரிப்பும் கைதட்டலுமாகத்தான் போயிற்று. வாட்சனாக நடித்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவரும் சேர்ந்தே சிரித்தார். அன்று காலை அவர் முறை. முந்தைய நாள் போட்ட அதே சட்டை. முழங்கைக்குக் கீழே வரிசை வரிசையாகச் சிறு வட்டங்கள், துளை போட்ட இரும்பு நாற்காலியில் கையை ஊன்றி வெகுநேரம் இருந்தால் பதியும் தடம். ஒத்திகையில் ஒருநாளும் கைபேசியை வெளியே எடுக்காதவர், அதை மேசைமேல் முகம் தெரியும்படி வைத்திருந்தார். “ராத்திரி நீங்க வீட்டுக்குப் போகல. ஆஸ்பத்திரி நாற்காலியிலதான் இருந்திருக்கீங்க” என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, “கண்டுபிடிச்சிட்டே தம்பி. என்ன ஆச்சுன்னு கேட்கலியே” என்றார். குரலை உயர்த்தவில்லை. ஒத்திகை தொடங்கிவிட்டது. படுத்திருந்தவர் அவருடைய அம்மா என்பதை நான்கு நாள் கழித்து ஒப்பனையாளர் சொல்லித்தான் அறிந்தேன்.

பயிற்சி என்னுடையதல்ல, சொல்லச் சொன்னார்கள், சொன்னேன் என்று எனக்கு நானே பலமுறை வாதாடியிருக்கிறேன். அத்தனை பேர் முன்னால் விசாரித்திருந்தால் அவருக்கு அது இன்னும் சங்கடமாக இருந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. ஆனால் அந்த வட்டங்களைக் கண்ட கணத்தில் எனக்குள் எழுந்தது சரியாகப் பிடித்துவிட்டேன் என்ற குதூகலம் மட்டுமே என்பதை எந்த வாதத்தாலும் மாற்ற முடியவில்லை. நாவலில் வாட்சனின் கோபம் ஒரு நிமிடத்தில் வியப்பாக மாறிவிடுகிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவரே கேட்கிறார். அண்ணன் கேட்கவில்லை.

அதன்பின் அந்த மன்னிப்பு வசனத்தை என்னால் வேகமாகச் சொல்ல முடியவில்லை. குரல் தானாகவே இறங்கியது. இயக்குநர், “இப்பதான் காட்சி வந்திருக்கு” என்றார். பார்த்தவர்களும் அந்த இடத்தைத்தான் பாராட்டினார்கள். அவருடைய ஓர் இரவை எடுத்து என் நடிப்புக்குச் செலவழித்துக்கொண்டேன் என்று சில நாள் தோன்றும். நடிகன் வேறு எதிலிருந்து எடுப்பான் என்று மறுநாள் தோன்றும்.

என் சொந்த வார்த்தைகளில் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. மேடையில் ஒவ்வொரு மாலையும் அவர் முகத்தைப் பார்த்து ஹோம்ஸின் வார்த்தைகளில் கேட்டேன். அவரும் வாட்சனின் வார்த்தைகளில் பதில் சொன்னார். அதை அவர் எந்தக் கணக்கில் வைத்துக்கொண்டார் என்பதை அவர் முகத்திலிருந்து என்னால் ஊகிக்க முடியவில்லை. இப்போதும் எப்போதாவது பேசிக்கொள்கிறோம். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்க வாயெடுப்பேன். அந்தக் காலையைத்தான் கிளறுகிறேன் என்று எடுத்துக்கொள்வாரோ என்ற தயக்கத்தில் அடுத்த நாடகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறேன்.