பொங்கலும் கிங் நாளும் ஒரே திங்கட்கிழமை

டிசம்பர் 10, 2023, ஞாயிறு

புது காலண்டர் வந்தது. ஜனவரி 15-இல் இரண்டு விசேஷம்: தைப்பொங்கல், மார்ட்டின் லூதர் கிங் நாள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமைக்காகப் போராடிய தலைவர் அவர். பிறந்தது 1929 ஜனவரி 15. அரசு விடுமுறையோ ஜனவரியின் மூன்றாம் திங்கட்கிழமை; அதை இங்கே சேவை நாளாகவும் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே நாளில் விழுவது எப்போதாவதுதான்.

எங்கள் ஃபிலடெல்ஃபியா புறநகர்த் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில், “அன்றைக்குச் சேர்ந்து ஏதாவது வேலை செய்யலாமா?” என்று போட்டேன். பத்து நிமிடத்தில் கட்டைவிரல்கள் குவிந்தன. ஒரு அண்ணன் மட்டும், “பொங்கல் வைக்கிற நாள்ல எதுக்கு தம்பி?” என்றார். நியாயமான கேள்விதான். காலையில் பொங்கல், பத்து மணிக்கு மேல் வேலை என்று முடிவானது.

டிசம்பர் 16, சனி

இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப்பொருள் கொடுக்கும் பக்கத்து ஊர் ஃபுட் பேன்ட்ரிக்குப் போனேன். அதை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கறுப்பின அம்மா, எழுபதைத் தாண்டியிருப்பார். நாற்பது பேர் வருகிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அந்த ஒரு நாள் ஊரே திரண்டு வருமாம், நிற்க இடமிருக்காதாம். “பன்னிரண்டு பேர் போதும். பிப்ரவரியில் வியாழக்கிழமை சாயங்காலம் எத்தனை பேரை அனுப்புவாய், அதைச் சொல்” என்றார்.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் ஊரில் ‘பார்க்கிறேன்’ என்றால் என்ன அர்த்தம் என்பது நல்லவேளை அவருக்குத் தெரியாது.

டிசம்பர் 28, வியாழன்

விடுமுறை என்பதால் மகளைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குள் போய் ஜிரார்ட் கல்லூரியின் மதிலைப் பார்த்தோம். பேர்தான் கல்லூரி, உண்மையில் உறைவிடப் பள்ளி. ஸ்டீபன் ஜிரார்ட் என்ற பணக்காரர் தந்தையில்லாத ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்காக என்று உயில் எழுதி வைத்தது. சுற்றிலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதி, நடுவில் ஆளுயரத்தைத் தாண்டிய கல்மதில். செசில் பி. மூர் என்ற வழக்கறிஞர் தலைமையில் 1965 மே மாதம் மறியல் தொடங்கி, மாதக்கணக்காக அந்த மதிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். ஆகஸ்டில் கிங்கும் வந்து பேசினார். முதல் கறுப்பின மாணவர்கள் உள்ளே நுழைந்தது 1968-இல்தான்.

மகள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். “ஏறிக் குதிச்சிருக்கலாமே?” பதினொரு வயது. குதித்தாலும் வகுப்பில் உட்கார விட்டிருக்க மாட்டார்கள் என்றேன்.

ஜனவரி 6, 2024, சனி

கிங் நாள் விடுமுறைக்கான சட்டம் 1983-இல் வந்தது. அதைச் சேவை நாளாக்கியது 1994-இல் வந்த இன்னொரு சட்டம். கொண்டுவந்தவர்கள் இருவர். ஜான் லூயிஸ், 1965-இல் கறுப்பினரின் வாக்குரிமைக்காகப் போன ஊர்வலத்தில், செல்மா ஊர்ப் பாலத்தில் போலீஸ் அடியில் மண்டை உடைந்தவர். ஹாரிஸ் வோஃபோர்ட், எங்கள் பென்சில்வேனியாவின் அப்போதைய செனட்டர், இளவயதில் இந்தியா போய் காந்தியைப் படித்தவர். அடி வாங்கியவர் எழுதிய சட்டம், டின் அடுக்கிப் படம் எடுத்துப் போடும் நாளாகச் சுருங்கியது எப்படி என்று யோசிக்கிறேன். நான் போடப்போவதும் அதே படம்தான்.

ஜனவரி 10, புதன்

நேற்று இரவு பேய்மழை. பேஸ்மென்ட்டில் அடுக்கியிருந்த நன்கொடைப் பைகளில் அடிவரிசை நனைந்துவிட்டது. ஆறு பாக்கெட் பாஸ்தா போச்சு.

மிச்சத்தை எண்ணினால் இருபத்திரண்டு பாக்கெட் துவரம்பருப்பு! வீட்டில் இருப்பதைத்தானே கொடுப்பார்கள். ஆசிரியை அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். “மஞ்சள் பட்டாணி மாதிரியா? எப்படிச் சமைப்பது என்று எழுதி ஒட்டிக் கொடு” என்றார். மனைவி உட்கார்ந்து எழுதினாள்: குக்கர் வேண்டாம், ஊறவைத்துச் சாதாரணப் பாத்திரத்தில் வேகவை, மஞ்சள், உப்பு, பூண்டு. தாளிப்பை விட்டுவிட்டாள். கடுகுக்கு எங்கே போவார்கள்?

ஜனவரி 15, திங்கள்

ஏழு மணிக்கு அடுப்பில் பொங்கல் பொங்கியது. பத்து மணிக்குப் பேன்ட்ரி.

வேலை சுலபம் என்று நினைத்திருந்தேன். தேதி பார்க்க வேண்டும், டின் உப்பியிருந்தால் தூக்கிப் போட வேண்டும். நடுவில் நசுங்கிய டின் பரவாயில்லை, மூடி சேரும் விளிம்பு மடிப்பில் அடிபட்டிருந்தால் கூடாது. எல்லாவற்றையும் கடைக்காரர்கள் தரும் வாழைப்பழ அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு அடியில் பெரிய ஓட்டை இருக்கும். அட்டை போட்டு மறைக்காமல் தூக்கினால் அவ்வளவுதான். நான் தூக்கினேன். தக்காளி டின்கள் ஹாலின் கடைசிவரை உருண்டன. மகளுக்கு அன்றைய நாளின் உச்சம் அதுதான்.

முடிந்ததும் எங்கள் வீட்டில் சர்க்கரைப் பொங்கல். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் என்பதால் ஒரு கதை கைவசம் இருந்தது. 1959-இல் இந்தியா வந்த கிங், கன்னியாகுமரியில் ஒருபக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா ஏறுவதைப் பார்த்து அசந்துபோய், ஊர் திரும்பியதும் தேவாலயப் பிரசங்கத்தில் அதைச் சொன்னார். சித்ரா பௌர்ணமிக்கு அப்பா எங்களைக் கூட்டிப்போய்க் காட்டும் அதே காட்சி! எல்லோரும் ரசித்துக் கேட்டார்கள்.

அடுத்ததையும் சொன்னேன். திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் படித்த பள்ளியில் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் சுருக்கென்றதாம். பிறகு, ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குள் ஒப்புக்கொண்டதாக அவரே பின்னாளில் சொன்னார்.

கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒருவர், “நெய் இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம்” என்றார்.

ஜனவரி 16, செவ்வாய்

ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஃபிலடெல்ஃபியாவில் அங்குலக் கணக்கில் பனி. குழுவில் நேற்றைய படங்களுக்கு நடுவே, “வியாழக்கிழமைகளுக்கு யார் யார்?” என்று போட்டேன். நீல டிக் நிறைய.

பிப்ரவரி 1, வியாழன்

மூன்று பேர் போனோம்: நான், மகள், பொங்கல் நாளில் எதுக்கு என்று கேட்ட அந்த அண்ணன்.

1968-இல் இதே பிப்ரவரி 1, இதே வியாழக்கிழமை. மெம்ஃபிஸ் நகரத்தில் மழைக்குக் குப்பை லாரியின் பின்புறம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்களை அந்த இயந்திரமே நசுக்கிக் கொன்றது. சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுக்குத் துணையாகப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று கிங்கைச் சுட்டார்கள். காரில் இதைச் சொன்னபோது மகள், “ஸ்கூல்ல அவரோட ‘எனக்கு ஒரு கனவு’ பேச்சு பத்தி மட்டும்தான் சொல்லிக்கொடுத்தாங்க” என்றாள்.

வரிசையில் நின்ற ஒரு பெண்மணி துவரம்பருப்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். தீர்ந்துவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார். “அடுத்த வியாழன் நான் கொண்டு வரேன்னு சொல்லு. கடுகும் சேர்த்து.”