ஓர்ஸ்ஹில்லா உப்புவெளியா: வீடு வாங்கும்போது நாங்கள் போட்ட வரிக் கணக்கு

"டவுனுக்குள்ள வாங்காதீங்க, சோலை வரி கட்டியே களைச்சுப் போவீங்க." திருகோணமலையில் வீடு தேடத் தொடங்கியதும் பலர் எங்களுக்குச் சொன்னது இதுதான். சோலை வரி என்பது வீட்டுக்காக உள்ளூர்ச் சபைக்குக் கட்டும் வரி. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு, அந்தப் பயம் அளவுக்கு மிஞ்சியது என்று விளங்கியது. இப்போது தேடுகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் கையில் கடைசியாக மூன்று வீடுகள் நின்றன. டவுனுக்குள், ஓர்ஸ்ஹில் பக்கம் 8 பேர்ச் காணியில் ஒரு பழைய வீடு. உப்புவெளியில், 'பட்டினமும் சூழலும்' என்ற பிரதேச சபையின் எல்லையில், ஏறக்குறைய அதே விலைக்கு 20 பேர்ச்சும் வீடும். மூன்றாவது கன்னியா பக்கம், மற்ற இரண்டையும் விட மிக மலிவு.

சோலை வரி வீட்டின் விற்பனை விலைக்குப் போடப்படுவதில்லை. அந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதை வருடாந்தப் பெறுமதியாக வைத்து, அதில் சபை தீர்மானிக்கும் வீதம்தான் வரி. உதாரணத்துக்கு, வருடாந்தப் பெறுமதி 60,000 ரூபாய், வீதம் 10 என்றால் வருடத்துக்கு 6,000 ரூபாய். முழுவதையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு, ஆகவே 5,400. காலாண்டுக்கு ஒருமுறை கட்டுகிறவர்களுக்கு, அந்தக் காலாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 வீதம் கழிவு உண்டு. ஓர்ஸ்ஹில் வீட்டுக்காரரிடம் பழைய வரிச் சீட்டை வாங்கிப் பார்த்தோம். உப்புவெளியில் இருந்து பிள்ளைகளைத் தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கும் பெற்றோல் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே இல்லை.

பெரிய தொகை வேறிடத்தில் இருந்தது. உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம், எழுதும்போது கட்டும் முத்திரைத் தீர்வையில் முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஒன்றரைக் கோடி ரூபாய் வீடு என்றால் 3,000மும் 5,96,000மும் சேர்ந்து 5,99,000 ரூபாய். இதை வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும். வங்கிக் கடன் இதற்கு வராது, கையில் இருக்க வேண்டிய காசு. சட்டத்தரணிக்கும் சேர்வேயருக்கும் கொடுப்பது தனி. பல குடும்பங்கள் வீட்டு விலைக்கு மட்டும் காசு சேர்த்து வைத்துவிட்டு, கடைசிக் கிழமையில் நகையை அடகு வைக்க ஓடுவது இதனால்தான்.

"தம்பி, உறுதியில கொஞ்சம் குறைச்சுப் போடுவம், எல்லாரும் செய்யிறதுதான்" என்றார் தரகர். நாங்கள் சம்மதிக்கவில்லை. தீர்வை காணியின் உண்மையான பெறுமதிக்குத்தான். குறைத்துப் போட்டதாகத் தெரிந்தால் மிச்சத்தைக் கேட்டு மாகாண இறைவரித் திணைக்களத்தில் இருந்து கடிதம் வரும். நாளைக்கு நாங்கள் விற்கும்போது, உறுதியில் உள்ள குறைந்த விலையை வைத்தே இலாபத்தைக் கணக்கிட்டு மூலதன இலாப வரி கேட்பார்கள். இன்றைக்கு மிச்சம் பிடிப்பதாக நினைப்பது அன்றைக்குப் பிள்ளைகளின் தலையில் விழும்.

கன்னியா வீட்டின் மலிவுக்குக் காரணம் கடதாசியைக் கேட்டதும் தெரிந்தது. அது உறுதிக் காணி இல்லை, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியை அரசாங்கத்தின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. வெள்ளைத் தாளில் எழுதி, சாட்சி வைத்து வாங்கிக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. உழைத்த காசு முழுவதையும் போட்டும் அவர்களுக்கு அந்தக் காணியில் உரித்து இல்லை.

உப்புவெளி வீடு எங்களுக்கு நல்லாகப் பிடித்திருந்தது. ஆனால் அது கடலுக்குக் கிட்ட. உயர் நீர் மட்டக் கோட்டில் இருந்து 300 மீற்றருக்குள் எதைக் கட்டுவதென்றாலும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பின்னால் இரண்டு அறை இழுக்கும் எண்ணத்தில் இருந்த எங்களுக்கு 20 பேர்ச்சின் பயன் அதிலேயே பாதி குறைந்தது. மார்கழி மழையில் போய்ப் பார்த்தபோது ஒழுங்கையில் தண்ணீரும் நின்றது.

ஓர்ஸ்ஹில் வீட்டையே எடுத்தோம். காணிப் பதிவகத்தில் 30 வருடத்துப் பதிவுகளைச் சட்டத்தரணி தேடிப் பார்த்தார். சோலை வரி நிலுவை இருக்கிறதா என்று சபையிலும் விசாரித்தோம், ஏனென்றால் பழைய நிலுவை ஆளோடு போகாது, வீட்டோடுதான் நிற்கும். கொஞ்சம் நிலுவை இருந்தது. விற்பவர் கட்டி, பற்றுச்சீட்டைத் தந்த பிறகே கையெழுத்து வைத்தோம். உறுதி பதிவாகி வந்ததும் ஒரு பிரதியைச் சபையில் கொடுத்து வரிப் பதிவேட்டில் எங்கள் பெயரை மாற்றச் சொல்லியிருக்கிறோம். இதைப் பலர் செய்யாமல் விடுகிறார்கள், சீட்டு வருடக்கணக்காகப் பழைய சொந்தக்காரரின் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும்.