சிட்டுவின் தோள்

ஜனவரி 9
நாய்களின் தடை ஓட்டப் போட்டிக்கு (அஜிலிட்டி) என் நாய் சிட்டுவைப் பழக்குகிறேன். இன்றும் சீசா பலகை பக்கம் வர மறுத்துவிட்டாள்.

ஜனவரி 11
பலகையில் ஏறப் பயமில்லை. சத்தம்தான். பக்கத்துத் திடலில் வேறு நாய் ஏறி, பலகை டமாலென்று தரையில் இறங்கினால் இங்கே இவள் காது மடங்கிவிடுகிறது. கூடவே வலது முன்காலை லேசாகத் தூக்கிக்கொள்கிறாள். முனை விழும் இடத்தில் பழைய மெத்தை போட்டுப் பழக்குகிறேன். போட்டியில் மெத்தைக்கு எங்கே போவது? முனை தரையைத் தொடும் முன் குதித்தால் ஐந்து தவறுப் புள்ளி.

ஜனவரி 12
கால் தூக்குவது பயத்திலா, வலியிலா?

ஜனவரி 15
வலிதான். தோளில் சுளுக்கு. நடக்கலாம், தாண்டக்கூடாது, வளைந்து ஓடவே கூடாது என்கிறார் டாக்டர். வளைந்து வளைந்து ஓட வரிசையாக 12 கம்பி, ஒன்றுக்கொன்று 60 செ.மீ., முதல் கம்பி இடது தோளை ஒட்டி வரும்படி நுழைய வேண்டும். வளையாமல் எதை ஓடுவது?

ஜனவரி 19
தூக்கம் வரவில்லை. 1978-ல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டத்தை உட்கார வைக்க, குதிரைத் தாண்டலைப் பார்த்துப் போட்டுக் காட்டிய வேடிக்கை இது. அதற்காக நான் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நாயின் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜனவரி 24
தங்கை: "அக்கா, அவ நல்லாத்தான் இருக்கா. உன்னைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்."

பிப்ரவரி 2
தாண்டலாம் என்று சொல்லிவிட்டார்! தாண்டும் கட்டையைத் தரையோடு வைத்து ஆரம்பித்தோம். சிட்டு கட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். 'இதற்கா இவ்வளவு?'

பிப்ரவரி 8
இப்போது உயரக் கவலை. தோள் உயரம் 42 சொச்சம். போட்டியில் உயரத்தை வைத்துத்தான் பிரிவு: 43 தொட்டால் மீடியம் போய் இன்டர்மீடியட். கட்டை 35-40 செ.மீ.யிலிருந்து 45-50-க்கு ஏறிவிடும். அந்தத் தோளோடா? அளக்கும்போது நிமிராதே என்று நாயிடம் எப்படிச் சொல்ல?

பிப்ரவரி 15
மீடியம்தான். அப்பாடா.

பிப்ரவரி 22
மண்டலப் போட்டி. காலையில் நாய் இல்லாமல் தடத்தை நடந்து பார்க்கும்போதே வயிற்றைக் கலக்கியது. ஏ-ஃப்ரேமிலிருந்து (கூரை போல நிற்கும் இரட்டைச் சரிவு) இறங்கினால் நேர் எதிரே டனலின், அதாவது நுழைந்து ஓடும் குழாயின், தப்பான வாய். நடுவர் விஷமக்காரர். கையை நீட்டிக்கொண்டு, இல்லாத நாயிடம் பேசிக்கொண்டு ஆளாளுக்குச் சுற்றினோம்.

லார்ஜ் பிரிவில் பலர் அந்த வாய்க்குள் போய்த்தான் போட்டியை விட்டு வெளியேறினார்கள். இதுதான் ஜெயிக்கும் என்று எல்லோரும் சொன்ன பார்டர் கோலியும் சேர்த்தி. முதலிடம், முகவாய் நரைத்த இன்னொரு கோலிக்கு. கட்டை விழவில்லை, தடையை மறுக்கவில்லை, நேரத்துக்குள் வந்தது. ஓட்டியவர் கத்தவே இல்லை. ஏ-ஃப்ரேம் அடியில் முழங்கையை மடக்கினார். நாய் டனலை விட்டுத் திரும்பியது. ஸ்மாலில் பூடில். ஜாக் ரஸல் நூறில் சில பங்கு நொடியில் கோட்டைவிட்டது. மீடியத்தில் ஷெல்டி, சந்தேகமே இல்லாமல்.

சிட்டு சீசாவில் ஏறினாள். டமால். காது மடங்கியது. ஆனால் நான்கு காலும் பலகை முனையின் மஞ்சள் பகுதியிலேயே நின்றன, நான் சொல்லும்வரை! கம்பிகளில் மட்டும் நடுவே வெளியே வந்துவிட்டாள். ஐந்து தவறுப் புள்ளி. திரும்ப நுழைந்ததில் நேரமும் போச்சு. நான்காம் இடம். நான்காவதுக்குக் கோப்பை கிடையாது. போகட்டும்.

பிப்ரவரி 23
தோளைத் தடவித் தடவிப் பார்த்தேன். எரிச்சலில் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 26
நரைத்த கோலி இனி ஓடாதாம். ஜெயித்த கையோடு நிறுத்திக்கொள்கிறார்களாம். எனக்கு அந்த மனசு வருமா, தெரியவில்லை. கண்ணாடி முன்னால் முழங்கையை மடக்கிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.

மார்ச் 1
அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்க நாளை கடைசி நாள். கொடுத்தாயிற்று. டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை.