என் பாட்டு இன்னொருவர் வீட்டில் குடியேறிய கதை

வெள்ளிக்கிழமை பிறந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். ஸ்பாட்டிஃபை ஆப்பைத் திறந்து என் மேடைப்பெயரைப் போட்டுத் தேடினேன். பாட்டு வந்திருந்தது. ஒரு கிட்டார், ஒரு குரல், பின்னால் லேசாக மழைச்சத்தம், மொத்தம் மூன்று நிமிஷம் நாற்பது வினாடி. ஆனால் பக்கத்தின் உச்சியில் இருந்த படத்தில் நான் இல்லை. முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பூசிக்கொண்டு நான்கு பேர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். கீழே அவர்களுடைய ஆல்பங்கள்: மண்டையோடு, எரியும் காடு, மறுபடியும் மண்டையோடு. அந்த வரிசையில் முதலாவதாக என் வெளிர்நீலக் கவர்.

அந்த மெட்டல் குழுவுக்கும் என் பெயர்தான். எழுத்துக்கு எழுத்து அதே பெயர். பெயர் வைக்கும்போது ஒருமுறையாவது தேடிப் பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பார்த்தேன். ‘அவர்கள் வேறு ரகம், நாம் வேறு ரகம், யார் குழப்பிக்கொள்ளப் போகிறார்கள்’ என்று விட்டுவிட்டேன். ரகம் பார்த்துப் பிரிப்பதற்கு அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது அப்போது தெரியாது.

முதலிலிருந்து சொல்கிறேன். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற இடங்களில் நாமே போய்ப் பாட்டை ஏற்ற முடியாது. நடுவில் ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர் வேண்டும். டிஸ்ட்ரோகிட் போன்றவை வருஷச் சந்தா வாங்கிக்கொண்டு எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்ற விடுகின்றன. சிடி பேபி ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒருமுறை கட்டணம் வாங்கிக்கொண்டு, ஸ்ட்ரீமிங் வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்ளும். மாதம் ஒரு பாட்டு போடுகிறவருக்குச் சந்தா லாபம். வருஷத்துக்கு ஒன்று போடும் என்னைப் போன்ற சோம்பேறிக்கு இரண்டாவது முறைதான் தோது. முடிவு செய்யுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சந்தா கட்டுவதை நிறுத்தினால் பாட்டு அங்கேயே இருக்குமா, இறங்கிவிடுமா? நான் யாரிடம் போனேன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. தப்பு என்னுடையது.

ஏற்றுவது கால் மணி நேர வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கவர் படமே அரைநாளைத் தின்றது. 3000-க்கு 3000 பிக்சல் சதுரம் கேட்டார்கள். என் இன்ஸ்டாகிராம் முகவரியை ஓரமாகப் போட்டிருந்தேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். இணைய முகவரி, விலை, அடுத்தவர் லோகோ எதுவும் அதில் இருக்கக் கூடாது. பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரத்துக்கு எதைப் போடுவது என்று இன்னொரு ராத்திரி போனது. கவரில் ஒரு விதமாகவும் படிவத்தில் வேறு விதமாகவும் எழுதியிருந்ததால் மறுபடி திருப்பி அனுப்பினார்கள்.

மாஸ்டரிங், அதாவது வெளியிடுமுன் பாட்டின் ஒலியைச் சரிசெய்யும் கடைசி வேலை, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சத்தம் பெரிதாக இருந்தால்தான் எடுபடும் என்று நம்பி மைனஸ் 8 எல்யூஎஃப்எஸ் வரைக்கும் நசுக்கி வைத்திருந்தேன். காதில் விழும் சத்தத்தின் அளவுகோல் அது; எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். ஸ்பாட்டிஃபை தன் சாதாரண அமைப்பில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14-க்குக் கொண்டுவந்துதான் ஒலிக்க விடுகிறது. ஆக, என் பாட்டை ஆறு டெசிபல் இறக்கிவிடும். சத்தமும் போய், நசுக்கியதில் கிட்டாரின் தந்தி தட்டும் துடிப்பும் போய், ஈரத்துணி மாதிரி கிடக்கும். நசுக்குவதற்கு முந்தைய பதிவை எடுத்து, உச்சத்தை மைனஸ் 1 டெசிபலுக்குள் நிறுத்தி, மறுபடி செய்தேன். இந்த முழு வேலையிலும் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

அடுத்து அந்தப் படிவம். பாடலாசிரியர் யார், இசை யார், கிட்டார் யார், யாருக்கு எத்தனை சதவீதம். இங்கேதான் நண்பனுக்கும் எனக்கும் முதல் முறையாகக் காசு பற்றிப் பேச்சு வந்தது. இடையில் வரும் கிட்டார் துண்டு அவனுடையது. அது அவன் வாசித்தது மட்டுமா, அவன் இயற்றியதுமா? கேள்வி சின்னதுதான், விளைவு பெரிது. ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. பதிவு செய்த ஒலி ஒன்று, எழுதிய மெட்டும் வரியும் இன்னொன்று. டிஸ்ட்ரிப்யூட்டர் வழியாக வருவது ஒலிப்பதிவுக்கான பணம். மெட்டுக்கும் வரிக்கும் உரிய பணத்துக்குக் காப்புரிமைச் சங்கத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் இரண்டையும் பேசி ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம். அதுவரை பேசாமல் இருந்ததற்கு நட்பு காரணமில்லை, கூச்சம்தான்.

பாட்டுக்கு ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்துள்ள ஓர் அடையாள எண் கிடைக்கும். அந்தப் பதிவுக்கு ஆயுசு முழுக்க அதுதான். பின்னால் டிஸ்ட்ரிப்யூட்டரை மாற்றினாலும், அதே பதிவை ஆல்பத்தில் சேர்த்தாலும் அந்த எண்ணையே கொடுக்க வேண்டும். புதுசாக வாங்கினால் பாட்டு புதுசாகப் பிறந்ததாகிவிடும், பழைய கணக்கு ஒட்டாது. ரீமிக்ஸ் செய்தால் மட்டும் வேறு எண். இதை ஒரு டைரியில் குறித்து வைத்திருந்தேன். அது எப்படிக் காப்பாற்றியது என்பது பின்னால் வரும்.

கடைசிப் பக்கத்தில், ‘இவர்களில் நீங்கள் யார்?’ என்று ஒரு பட்டியல் விரிந்தது. மணி இரவு ஒன்றரை. என் பெயர் முதலிடத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்த படம் விரல்நகத்தைவிடச் சின்னது. டிக் செய்துவிட்டுப் படுத்துவிட்டேன். கீழே ‘புதிய பக்கம் வேண்டும்’ என்று ஒரு வரி இருந்ததாம்.

வெளியீட்டுத் தேதியாக இரண்டு வாரம் தள்ளி ஒரு வெள்ளிக்கிழமை கொடுத்திருந்தேன். 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்கப் புதுப்பாட்டுக்கு வெள்ளிதான் நாள். இடையில் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. பாட்டு ஸ்பாட்டிஃபைக்குப் போய்ச் சேர்ந்ததும் அதன் இணைப்பை டிஸ்ட்ரிப்யூட்டரிடம் வாங்கி, அதை வைத்து ‘ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்ற, கலைஞர்களுக்கான கணக்கைக் கோர வேண்டும். உள்ளே போனால், இன்னும் வெளிவராத பாட்டை அவர்களுடைய ப்ளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு முன்வைக்கலாம். வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னால் வைத்துவிட்டால், நம்மைப் பின்தொடர்பவர்களின் ‘ரிலீஸ் ரேடார்’ என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டே வரும். பாட்டு வந்த பிறகு வைக்க முடியாது. எனக்குப் பின்தொடர்பவர்களே இல்லை, எதற்கு இந்தச் சடங்கு என்று விட்டுவிட்டேன். செய்திருந்தால் ஒரு வாரம் முன்பே நான்கு முகங்களையும் பார்த்திருப்பேன்.

ஆக, வெள்ளிக்கிழமை. அந்தக் குழுவைப் பின்தொடர்கிறவர்கள் எல்லோருக்கும் ‘உங்கள் அபிமானக் குழுவின் புதிய பாடல்’ என்று போயிருந்தது. இரட்டை ட்ரம் உதையும் உறுமலும் எதிர்பார்த்து அழுத்தியவர்களுக்கு மழைச்சத்தமும் என் தயக்கமான குரலும் கேட்டிருக்கும். அவர்களுடைய முகத்தை யோசித்து ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் வெட்கம். 30 வினாடி தாண்டினால்தான் ஸ்பாட்டிஃபையில் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு. 30 வரைக்கும் எத்தனை பேர் தாக்குப்பிடித்தார்கள் என்று யோசிக்காமல் இருக்க முயன்றேன்.

டிஸ்ட்ரிப்யூட்டருக்கு எழுதினேன். அவர்கள் கேட்டது இரண்டுதான்: ஐஎஸ்ஆர்சி என்ன, பாட்டு எந்தப் பக்கத்தில் தப்பாக இருக்கிறது. டைரியைப் பார்த்து எண்ணைக் கொடுத்தேன். புதுப் பக்கம் திறந்து பாட்டை நகர்த்த ஆறு நாள் ஆனது. அந்தக் குழுவுக்கும் ஒரு மன்னிப்புச் செய்தி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது. முறைத்துக்கொண்டு நிற்பவர்களிடமிருந்து அதைவிட நல்ல பதில் எதிர்பார்க்க முடியாது. பாட்டு இடம் மாறியபோது கேட்கப்பட்ட எண்ணிக்கையும் கூடவே வந்தது, எண் ஒன்றுதானே.

இதற்குள் வேறு சிலர் என்னைக் கண்டுபிடித்திருந்தார்கள். ‘உங்கள் பாட்டைப் பெரிய ப்ளேலிஸ்ட்டில் சேர்க்கிறோம், இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் உத்தரவாதம்’ என்று செய்தி மேல் செய்தி. உத்தரவாதம் என்ற சொல் வந்தாலே கேட்கப்போவது மனிதர்கள் இல்லை. அப்படி ஏறிய எண்ணிக்கையைக் கண்டுபிடித்தால் பாட்டையே இறக்கிவிடுவார்கள், அதற்குப் பதில் சொல்லவேண்டியது பாட்டின் சொந்தக்காரர்தான். ஒவ்வொருவரையும் தடுத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இரண்டாவது குட்டு மூன்று வாரம் கழித்து. முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார், மரியாதையாகவே. தூங்குவதற்கான மழைச்சத்தம் என்று யூடியூபில் ஒரு மணி நேர வீடியோ போட்டிருந்தாராம். அதற்கு என் பெயரில் உரிமைக் கோரிக்கை வந்து, விளம்பர வருமானம் நின்றுவிட்டதாம். “அந்த மழை உங்களுடையதா?” என்று கேட்டிருந்தார்.

இல்லை. தயாராக ஒலித்துண்டுகள் கிடைக்கும் ஒரு சாம்பிள் நூலகத்தில் எடுத்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் நானும் எடுத்தேன், அவரும் எடுத்திருக்கிறார். படிவத்தில் ‘கன்டென்ட் ஐடி’ என்று ஒரு கட்டம் இருந்தது. நம் பாட்டை யாராவது யூடியூபில் பயன்படுத்தினால் கண்டுபிடித்து நமக்குப் பணம் தரும் ஏற்பாடு. வரட்டுமே என்று டிக் செய்திருந்தேன். அந்தக் கட்டம், பாட்டில் உள்ள ஒலி முழுவதும் தனக்கு மட்டுமே சொந்தம் என்று சொல்லக்கூடியவருக்கானது. ஊருக்கே பொதுவான ஒலித்துண்டு பாட்டில் இருந்தால் அதைத் தொடக் கூடாது. என் பாட்டின் ஆரம்பத்தில் எட்டு வினாடி வெறும் மழை. அந்த எட்டு வினாடியை வைத்துக்கொண்டு, ஊரில் பெய்த மழைக்கெல்லாம் என் பெயரில் பட்டா போட்டுக்கொண்டிருந்தது அந்த இயந்திரம்.

அன்றைக்கே கோரிக்கையை விலக்கச் சொல்லி, கன்டென்ட் ஐடியிலிருந்தும் பாட்டை எடுத்தேன். என் பாட்டு அடுத்தவர் பக்கத்தில் போனபோது ஆறு நாள் தூக்கமில்லாமல் இருந்தவன், அடுத்தவர் மழையில் மூன்று வாரம் என் பெயர் ஒட்டியிருந்ததைக் கவனிக்கவே இல்லை. அவருக்கு அதையும் எழுதினேன். பாட்டைக் கேட்டதாகவும், மழை நின்ற பிறகு வரும் பகுதி நன்றாக இருப்பதாகவும் பதில் போட்டார்.

முதல் வருமான அறிக்கை வர மூன்று மாதம் ஆனது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் ஒரு பாட்டு 1000 ஸ்ட்ரீம் தொட்டால்தான் ஒலிப்பதிவுக்கான பங்கு. அங்கே எனக்குப் பூஜ்யம். மற்ற இடங்களிலிருந்து வந்தது புள்ளிக்கு அப்புறம் தொடங்கும் ஒரு தொகை. நண்பனுக்கு அவனுடைய சதவீதத்தைக் கணக்குப் போட்டு அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டான். மறுபடி அனுப்பினேன்.

போன வாரம் இரண்டாவது பாட்டுக்குப் படிவம் திறந்தேன். இந்த முறை பெயரோடு ஒரு முன்னெழுத்தும் சேர்த்தாகிவிட்டது. மழை இல்லை, கன்டென்ட் ஐடி கட்டம் காலி. கடைசிப் பக்கத்தில் அதே கேள்வி, அதே பட்டியல். முதலிடத்தில் அந்த நான்கு பேர். இரண்டாவது இடத்தில் விரல்நகத்தைவிடச் சின்னதாக ஒரு வெளிர்நீலம். படத்தைப் பெரிதாக்கி, என் முகம்தானா என்று பார்த்துவிட்டு, டிக் செய்தேன்.